ஆடியில் விண்ணப்பம், ஐப்பசியில் வேலை: டெல்டா மாணவர்களுக்கு எந்த இன்டர்ன்ஷிப்?

ஜூலையில் வகுப்பு தொடங்கி நவம்பரில் தேர்வுக்குப் போகும் செமஸ்டரில் இன்டர்ன்ஷிப் செய்வது கொஞ்சம் வம்பான காரியம். கோடை விடுமுறையில் சேர்ந்தால் அது ஒன்றுதான் வேலை. இந்தப் பருவத்திலோ வகுப்பு, இன்டர்னல் தேர்வு, ரெக்கார்டு நோட்டு, 75 சதவீத வருகைப்பதிவு எல்லாம் கூடவே ஓடும். நடுவில் ஆயுத பூஜை, தீபாவளி, அப்புறம் மழை. ஆனாலும் இறுதியாண்டுப் பிள்ளைகள் இப்போதுதான் மும்முரமாகத் தேடுகிறார்கள். கேம்பஸ் நேர்காணல் நெருங்கும்போது ரெஸ்யூமேயில் சொல்லிக்கொள்ள ஏதாவது வேண்டுமே.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் படிக்கும் ஒருவருக்கு நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. ஸ்டார்ட்அப் ஒன்றில் வீட்டிலிருந்தே வேலை, ஓப்பன் சோர்ஸ் மென்டர்ஷிப் (யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய பொது மென்பொருளில், அனுபவசாலி ஒருவரின் வழிகாட்டலில் வேலை), உள்ளூர் ஆடிட்டர் ஆபீஸில் பகுதிநேரம், இவை எதுவும் இப்போது வேண்டாமென்று ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் படிப்பு ஒன்று. பொதுவாக உதவித்தொகையையும் கம்பெனி பெயரையும் வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். நான் பார்ப்பது வேறு இரண்டை: வேலை எந்த மணிக்கு நடக்கிறது, செய்ததை யார் பார்த்துத் திருத்துகிறார்கள்.

நேரக் கணக்கை முதலில் போட்டுவிடலாம். திருத்துறைப்பூண்டியிலிருந்தோ பட்டுக்கோட்டைக்கு உள்ளே இருக்கும் ஊரிலிருந்தோ கல்லூரிப் பேருந்தில் தஞ்சாவூர் போய் வருகிறவர் காலை ஏழுக்கு முன் கிளம்பி மாலை ஆறு, ஆறரைக்கு வீடு திரும்புவார். சாப்பாடு, படிப்பு போக வார நாளில் இரண்டு மணி நேரம் தேறும். சனி, ஞாயிறில் ஐந்தைந்து மணி. ஆக வாரத்துக்கு 20 மணி, அதுவும் இன்டர்னல் இல்லாத வாரத்தில். ‘வாரம் 40 மணி’ என்று சொல்லும் விளம்பரத்தை இந்தப் பருவத்தில் படிக்கவே வேண்டாம். விடுதியில் இருப்பவர்களுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் விடுதி வைஃபையின் லட்சணம் அவர்களுக்கே தெரியும்.

ஸ்டார்ட்அப் ரிமோட் வேலை

இன்டர்ன்ஷாலா, லிங்க்ட்இன் போன்ற தளங்களில் கிடைக்கும் இந்த வேலைகளில் இணையதளம் கட்டுவது, சமூக ஊடகப் பக்கம் பார்த்துக்கொள்வது, கட்டுரை எழுதுவது, வீடியோ எடிட்டிங், எக்செல் வேலை என்று எல்லாத் துறைக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. உதவித்தொகை பெரும்பாலும் மாதம் சில ஆயிரம். உண்மையான வாடிக்கையாளருக்கான வேலை என்பது இதன் பலம். நாலைந்து பேர் மட்டுமே உள்ள கம்பெனியில் முதலாளியே உங்கள் வேலையைப் பார்த்து ‘இது சரியில்லை, மாற்று’ என்று சொல்வார். அந்த வாய்ப்பு பெரிய கம்பெனியில் கிடைக்காது.

சிக்கல் காலை நேரம். பெங்களூரு, குருகிராம் கம்பெனிகள் பத்தரை, பதினொரு மணிக்கு ஒரு கூட்டம் வைக்கும். விளம்பரத்தில் ‘நேரம் உங்கள் வசதிப்படி’ என்று இருக்கும். சேர்ந்த பிறகு ‘கால் மணி நேரம்தானே, வந்துவிட்டுப் போ’ என்பார்கள். அந்தக் கால் மணிக்காக கேன்டீன் பின்னால் காதில் இயர்போனோடு நிற்கும் பிள்ளைகளை எல்லாக் கல்லூரியிலும் பார்க்கலாம். இரண்டு மாதத்தில் வருகைப்பதிவு அடிவாங்கும். வேடிக்கை என்னவென்றால், இந்த விஷயத்தில் அமெரிக்கக் கம்பெனிதான் நமக்குத் தோது. நியூயார்க்கில் காலை ஒன்பதரை என்றால் இங்கே இரவு ஏழு. பேருந்தை விட்டிறங்கி முகம் கழுவியிருப்போம். நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைப்பதால் அது இரவு எட்டாகும், அவ்வளவுதான்.

சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி: என் வேலையை யார் பார்ப்பார்கள், வாரத்துக்கு எத்தனை தடவை? சில இடங்களில் இன்டர்னுக்கு மேலே இருப்பவரும் ஒரு இன்டர்ன்தான். அவருக்கு மேலே இருப்பவர் போன மாதம் வரை இன்டர்ன். அங்கே கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

இதே வரிசையில் இருப்பதுபோல் தெரியும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. விண்ணப்பித்த சில மணி நேரத்தில், நேர்காணலே இல்லாமல், ஆஃபர் லெட்டர் வந்துவிடும். அதை லிங்க்ட்இனில் போட்டு எங்களை டேக் செய் என்பார்கள். ஒரு மாதத்துக்கு மூன்று நான்கு டாஸ்க்: கால்குலேட்டர் செய், ஏதோ ஒரு இணையதளத்தின் முகப்பை அப்படியே நகலெடு. அனுப்பியதை யாரும் திறந்து பார்த்ததற்கான அடையாளமே இருக்காது. கடைசியில் சான்றிதழுக்குச் சில நூறு ரூபாய் கட்டணம். கல்லூரிக்கு ஒரு தாள் வேண்டும், மாணவருக்கு ஒரு வரி வேண்டும், அவர்களுக்குக் காசு வேண்டும். மூன்று பேருக்கும் திருப்தி. இதை மோசடி என்று சொல்வதுகூடக் கஷ்டம், ஏனென்றால் சொன்னதைக் கொடுத்துவிடுகிறார்கள். நேர்காணலில் ‘இந்த ப்ராஜெக்டில் நீங்கள் என்ன மாற்றினீர்கள்’ என்று கேட்கும்போதுதான் சாயம் வெளுக்கும். சும்மா பழகிப் பார்க்க வேண்டுமென்றால் ஃபோரேஜ் தளத்தில் கம்பெனிகள் தரும் மாதிரி வேலைகள் இலவசமாகவே இருக்கின்றன. அவை தம்மை இன்டர்ன்ஷிப் என்று சொல்லிக்கொள்வதும் இல்லை.

அசல் மோசடி வேறு ரகம். லேப்டாப்புக்கு டெபாசிட் கட்டு, பதிவுக் கட்டணம் அனுப்பு, டெலிகிராமில் ஹோட்டல்களுக்கு ரேட்டிங் போட்டால் தினமும் பணம் என்று வரும். இதில் பணம் போயிருந்தால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு.

ஓப்பன் சோர்ஸ்

கணினி படிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர் 2005 முதல் நடக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட். அது பெயருக்கேற்றபடி கோடையில்தான் தொடங்கும். இந்தப் பருவத்துக்குப் பொருத்தமானது லினக்ஸ் ஃபவுண்டேஷனின் எல்எஃப்எக்ஸ் மென்டர்ஷிப். ஆண்டுக்கு மூன்று சுற்று. மூன்றாவது செப்டம்பர் முதல் நவம்பர் வரை. குபர்னெட்டிஸ் போன்ற பெரிய ப்ராஜெக்டுகளும் இதில் உண்டு. உதவித்தொகை டாலரில், நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனாலும் நம் ஊர்க் கணக்கில் பெரிய தொகை.

நான் சொன்ன இரண்டு அளவுகோலிலும் இதுதான் முதலிடம். வேலை பெரும்பாலும் எழுத்தில் நடக்கிறது. இரவு பத்து மணிக்கு நீங்கள் எழுதிய நிரலை அனுப்பினால் வேறு கண்டத்தில் இருப்பவர் தமக்கு விடிந்தபின் பார்த்துப் பதில் போடுவார். திருத்தம் கறாராக இருக்கும், அதுவும் ஊரறிய. ஆங்கிலம் பேசத் தயங்குபவர்களுக்கு எழுதிப் பழக இது நல்ல இடம். நிதானமாக யோசித்து எழுதலாம்.

இடம் கிடைப்பதுதான் கஷ்டம். உலகம் முழுவதிலிருந்தும் போட்டி. ஆகஸ்டில் விண்ணப்பத்தை மட்டும் நிரப்பி அனுப்பினால் நடக்காது. அதற்கு முன்பே அந்த ப்ராஜெக்டில் சின்னச் சின்னப் பிழைகளைச் சரிசெய்து முகம் பழக்கியிருக்க வேண்டும். தேர்வாகாவிட்டாலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட திருத்தம் நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் உங்கள் பெயரில் நிற்கும் என்பது ஆறுதல். இரண்டாம் ஆண்டிலேயே ஆரம்பித்தவருக்கு இது கைகூடும். இறுதியாண்டு ஆகஸ்டில் முதன்முதலாக கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்யும் மென்பொருள்) கற்கத் தொடங்குபவருக்கு அல்ல.

ஆடிட்டர் ஆபீஸ்

காமர்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்கு ரிமோட் வேலை என்றதும் டிஜிட்டல் மார்க்கெட்டிங்தான் கண்ணில் படுகிறது. கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை எங்கும் ஆடிட்டர்களும் ஜிஎஸ்டி ஆலோசகர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆள் அதிகம் தேவைப்படும் காலம் நம் செமஸ்டரோடு அப்படியே பொருந்துகிறது. டாக்ஸ் ஆடிட் அறிக்கைக்குக் கடைசி நாள் வழக்கமாக செப்டம்பர் 30. ஆடிட் உள்ளவர்களின் வருமான வரிக் கணக்குக்கு அக்டோபர் 31. 2025இல் செய்ததுபோல நீட்டிப்பதும் உண்டு; அப்போது நெரிசல் நவம்பருக்கு நகரும். இதோடு மாதாந்திர வேலையும் இருக்கிறது: 11ஆம் தேதி விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி வரியைக் கணக்குக் காட்டிக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி.

வேலை பகட்டானதல்ல. வங்கி ஸ்டேட்மென்ட்டை டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுவது, கொள்முதல் பில்லை, விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பியோடு ஒத்துப் பார்ப்பது, விட்டுப்போன பில்லுக்குக் கடைக்காரருக்குப் போன் போடுவது. ஆனால் பாடப் புத்தகத்தில் இல்லாதது இங்கே கையில் வந்து விழும். 2022 ஜூலை 18 முதல் பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி. அதனால்தான் கடைகளில் 26 கிலோ மூட்டை முளைத்தது. ஒரு அரிசி ஆலையின் விற்பனை பில்களை வரிசையாக ஏற்றுகிற பிள்ளைக்கு இதை யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் 22இல் ஜிஎஸ்டி அடுக்குகள் மாறின. மாத நடுவில் வரி மாறினால் கணக்கில் என்னென்ன மாற்ற வேண்டும் என்பதை அந்த வாரம் ஆபீஸில் இருந்தவர்கள் செய்தே பார்த்திருப்பார்கள்.

இதை அரை ரிமோட்டாகவும் வைத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை நேரில் போய் உட்கார்வது, வார நாள் மாலையில் வீட்டிலிருந்து எனிடெஸ்க் வழியாக ஆபீஸ் கணினியில் ஏற்றுவது. பல ஆடிட்டர்களுக்கு பில் வருவதே வாட்ஸ்அப்பில்தான். ஒன்று கவனம்: அடுத்தவர் வியாபாரக் கணக்கு உங்கள் போனில் தங்கக் கூடாது, பாஸ்வேர்டுகளை எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது. திருத்துகிறவர் பக்கத்து மேஜையில் இருப்பார். பெரும்பாலும் பத்து பதினைந்து வருடம் அங்கேயே இருக்கும் ஒரு அக்கா. தவறு செய்தால் அன்றே தெரிந்துவிடும்.

பணம் குறைவு. சில இடங்களில் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியோடு ஒரு கவர், அவ்வளவுதான். சிஏ படிப்பின் கட்டாயப் பயிற்சியான ஆர்டிகிள்ஷிப்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்; அதற்கு சிஏ இன்டர்மீடியட் தேர்ச்சி வேண்டும், அது தனிக் கணக்கு. சான்றிதழாக வருவது லெட்டர்ஹெட்டில் நான்கு வரி. ஆனாலும் பி.காம் படிக்கிறவருக்கு, ஊர் பேர் தெரியாத கம்பெனியின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் பதிவு எழுதுவதைவிட இதுதான் மேல் என்பேன்.

மழையும் மின்சாரமும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஒவ்வொரு ஆண்டும் அப்படி நடக்காது. ஆனால் நாகப்பட்டினத்துக்கு ரெட் அலர்ட் என்றால் நமக்குத் தெரியும், குருகிராமில் இருப்பவருக்குத் தெரியாது. சேர்ந்த முதல் வாரமே எழுதிவிடுவது நல்லது: நவம்பரில் இரண்டு மூன்று நாள் தொடர்பில்லாமல் போகலாம், அப்படிப் போனால் இந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவேன் என்று. வேறு வேறு கம்பெனியின் இரண்டு சிம், ரவுட்டருக்கு ஒரு சின்ன பேட்டரி பேக்கப், இவை போதும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகலில்தான் வரும், நாளிதழில் முன்பே போட்டுவிடுவார்கள். சனிக்கிழமையில் விழுந்தால் மட்டும் தலைவலி. வீட்டில் நிலம் இருந்தால் சம்பா வேலையும் இதே மாதங்களில்தான். அதையும் அந்த 20 மணியில் கழித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழியில் ஆடிட்டர் ஆபீஸ் தப்பித்துவிடுகிறது. உங்கள் தெருவில் தண்ணீர் நின்றால் அவர் தெருவிலும் நிற்கும், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

எதுவும் வேண்டாம் என்றால்

இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு என் முதல் யோசனை என்பிடெல். ஜூலை சுற்றில் 4, 8, 12 வாரப் படிப்புகள் உண்டு. பாடம் இலவசம், தேர்வு எழுத மட்டும் கட்டணம். வாராந்திரப் பயிற்சிக்கு 25, மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். நேரில் எழுதுவதால் சான்றிதழுக்கு மதிப்பு இருக்கிறது. நான் முதல்வன் திட்டப் படிப்பு உங்கள் கல்லூரிப் பாடத்திட்டத்திலேயே இருந்தால் அதையும் ஒப்பேற்றாமல் செய்யலாம். பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் பற்றியும் பலர் கேட்கிறார்கள்: 2024 அக்டோபரில் அது முன்னோட்டமாகத் தொடங்கியபோது முழுநேரம் படிக்கிறவர்களுக்கு இடமில்லை, அஞ்சல்வழி படிப்பவர்களுக்கு உண்டு.

இறுதியாண்டு கணினி மாணவர், கிட்ஹப்பில் பழக்கமில்லை என்றால் மாலை நேரக் கூட்டம் வைக்கும் சின்ன ஸ்டார்ட்அப் ஒன்றைப் பிடிப்பது உசிதம். அக்டோபர் கடைசியில் முடித்துக்கொள்கிறேன் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு சேர வேண்டும். நவம்பரில் தேர்வு அட்டவணையைக் காட்டி விடுப்புக் கேட்பது எங்கும் எடுபடாது. ஆடிட்டர் ஆபீஸ் பக்கம் போகிறவர்கள், டேலி அடிப்படையைக் கொஞ்சம் பழகிக்கொண்டு, ஆகஸ்ட் முதல் வாரம் துறைத் தலைவரின் கடிதத்தோடு நேரில் போய்ப் பார்க்கலாம். ஜூலை கடைசியில் போய்விடாதீர்கள். வருமான வரி ரிட்டர்ன் போடும் அவசரத்தில் உங்களை உட்காரச் சொல்லக்கூட அங்கே ஆள் இருக்காது.