செராம்பூரா, ஏ.டி.ஏ.வா? தொலைதூர ஊழியப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர்களுக்கு

பாளையங்கோட்டையில் நாங்கள் நடத்தும் தொலைதூர ஊழியப் பயிற்சிப் பள்ளிக்கு எங்கே அங்கீகாரம் கேட்பது என்று நன்றாக யோசித்து, ஆசிய இறையியல் சங்கத்திடம், அதாவது ஏ.டி.ஏ.விடம் போனோம். வள்ளியூர், நாங்குநேரி பக்கம் இதே போலப் பள்ளி வைத்திருக்கிறவர்கள் காரணம் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

மேற்கு வங்காளத்திலிருந்து இறையியல் பட்டம் வழங்கும் செராம்பூரின் மதிப்பில் சந்தேகமே இல்லை. 1818-இல் தொடங்கிய கல்லூரி. 1827-இல் டென்மார்க் அரசரின் சாசனம். 1918-இல் தனிச் சட்டம். திருமண்டலத்தில் (மறைமாவட்டத்தில்) சபை ஆயராக வேண்டும் என்று வருகிற பிள்ளைகளை நாங்களே அந்தப் பக்கம் அனுப்பிவிடுகிறோம். ஆனால் அதன் இணைப்புக் கல்லூரிகள் விடுதியில் தங்கிப் படிக்கிறவர்களை வைத்து அமைந்தவை. எங்களிடம் படிப்பவர்கள் கிராமச் சபைகளில் ஆயருக்கு உதவியாக ஊழியம் செய்யும் உபதேசியார்கள், பள்ளி ஆசிரியைகள், பகலில் கடையைப் பார்த்துவிட்டு இரவில் புத்தகத்தை எடுக்கிறவர்கள். வீட்டிலிருந்தே செராம்பூர் பட்டம் வேண்டுமென்றால், செராம்பூரின் பட்டங்களை வழங்கும் செனட் நடத்தும் வெளிநிலைப் படிப்பில், பி.சி.எஸ். என்ற கிறிஸ்தவக் கல்வி இளங்கலைப் பட்டத்துக்கு அவர்களே பதிவு செய்யலாம். அதற்கு நம் பள்ளி இணைப்பு வாங்க வேண்டியதில்லை.

பணம் கட்டினால் ‘சர்வதேச அங்கீகாரம்’ அனுப்பிவைக்கிற அமைப்புகளும் உண்டு. யாரும் வந்து பார்க்காமல் தருகிற சான்றிதழை நம்பி ஒரு உபதேசியாரிடம் கட்டணம் வாங்க எனக்கு மனசு வராது.

அரசு அங்கீகாரம் தனி விஷயம். 1956-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டப்படி பட்டம் வழங்குவது பல்கலைக்கழகங்களுக்கும் சட்டம் அதிகாரம் தந்த நிறுவனங்களுக்கும் உள்ள உரிமை. ஏ.டி.ஏ. திருச்சபைகளும் இறையியல் கல்லூரிகளும் மதிக்கிற தன்னார்வ அமைப்பு. அதன் சான்றைக் காட்டி அரசு வேலை கேட்க முடியாது. இதை எங்கள் விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறோம்.

சரி, முடிவை எது தீர்மானித்தது? பராமரிப்பு. அங்கீகாரம் வாங்குவதைவிட அதைக் காப்பாற்றுவதற்குத்தான் ஆளும் பணமும் வேண்டும். ஏ.டி.ஏ.வில் முதலில் நம்மை நாமே அலசி அறிக்கை எழுத வேண்டும். அப்புறம் ஒரு குழு நேரில் வரும். கிடைக்கிற அங்கீகாரத்துக்கும் கால வரம்பு உண்டு. முடிந்ததும் மறுபடி ஆய்வு. தொலைதூரப் பள்ளியில் வந்து பார்க்க வகுப்பறை கிடையாது; மாணவரின் கோப்புதான் வகுப்பறை. வந்தவர்கள் நூலகத்தையும் ஆசிரியர்களின் சான்றிதழ்களையும் பார்த்தார்கள். ஆனால் அதிக நேரம் உட்கார்ந்தது கோப்புகள் இருக்கும் பீரோவுக்கு முன்னால்தான். ரோமர் நிருபம் பற்றிய ஒரு விடைத்தாளை எடுத்து, அது வந்த தேதி, திருத்தியவர் கையெழுத்து, ஓரத்தில் அவர் எழுதிய அரைப் பக்கக் குறிப்பு, அதைப் படித்து மாணவர் திரும்ப எழுதிய பதில் என்று வரிசையாக வாசித்தார்கள். அந்த ஒரு கோப்பு எங்கள் பாடத்திட்டத்தைவிட அதிகம் பேசியது.

ஆண்டுக் கட்டணத்தை மட்டும் கணக்குப் போட்டு இறங்காதீர்கள். விடைத்தாள் திருத்த இறையியல் பட்டம் உள்ளவர்களுக்கு மதிப்பூதியம், பதிவேடு பார்க்க ஓர் ஆள், வருஷா வருஷம் புதிய நூல்கள், இவைதான் நிரந்தரச் செலவு. ஓய்வு பெற்ற ஆயர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருப்பது பெரிய தயவு. இந்தச் செலவு ஒவ்வொன்றும் மாணவரின் படிப்புக்கே போய்ச் சேருகிறது. இணைப்புக் கல்லூரி ஆக முயன்றிருந்தால் விடுதிக்கும் கட்டடத்துக்கும்தான் போயிருக்கும்.

மறு ஆய்வு எங்களுக்கு இன்னும் வரவில்லை. அது எவ்வளவு கடினம் என்பதை வந்த பிறகே சொல்ல முடியும். செராம்பூர் இணைப்பைப் பற்றியும், அங்கே கற்பிக்கும் நண்பர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

ஒரு சேகரத்தில், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளில், பத்துப் பதினைந்து பேருக்கு மட்டும் கற்பிக்கிறீர்கள் என்றால் இரண்டும் வேண்டாம். பெங்களூரிலுள்ள டாஃப்டி (TAFTEE) என்ற தொலைதூர இறையியல் கல்வி நிறுவனத்தின் பாடங்கள் தமிழிலும் இருக்கின்றன. வீட்டில் படித்துவிட்டுக் குழுவாகக் கூடிப் பேசுகிற முறை அது. முதலில் அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள்.