ஒரே மடிக்கணினி, இரண்டு வழிகள்: பெருவும் உருகுவேயும்

வளரும் நாடுகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கணினி வழங்குவது பயன் தருமா என்ற விவாதத்தில், தென் அமெரிக்க நாடுகளான பெருவையும் உருகுவேயையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. இரு நாடுகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே கருவியை வாங்கின. அதைப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்த்த விதத்தில்தான் பிரிந்தன.

அந்தக் கருவி, ‘நூறு டாலர் மடிக்கணினி’ என்று 2005இல் அமெரிக்கக் கணினி அறிஞர் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே அறிவித்த எக்ஸ்ஓ (XO). 2007 இறுதியில் உற்பத்திக்கு வந்தபோது அதன் விலை 200 டாலரை நெருங்கியிருந்தது. 433 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி நினைவகம், வெயிலில் வைத்தும் படிக்கக்கூடிய திரை, தூசு புகாத ரப்பர் விசைப்பலகை என்று, கிராமத்துப் பிள்ளையின் கைக்கு ஏற்றதாகவே அதைச் செய்திருந்தார்கள்.

பெரு தேர்ந்தெடுத்த வழி நோக்கத்தில் உயர்ந்தது. நாடெங்கும் சிதறிக் கிடந்த, ஓராசிரியர் மட்டுமே உள்ள சிறிய, ஏழைப் பள்ளிகளுக்கே கணினி முதலில் போனது. ஆனால் அப்பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் இணையம் இல்லை. கணினியில் ஏற்கெனவே ஏற்றி அனுப்பிய சுமார் 200 நூல்களும் சில மென்பொருள்களுமே பிள்ளைகளுக்குக் கிடைத்தன. ஆசிரியர்களுக்குச் சில நாள் பயிற்சி தந்ததோடு சரி, வகுப்பில் இதை எப்படிப் பயன்படுத்துவது என்று அருகிருந்து சொல்ல ஆள் இல்லை. பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பது திட்டத்தின் உயிர்நாடி. எனினும் தொலைந்தாலோ உடைந்தாலோ தாங்கள் பதில் சொல்ல வேண்டிவரும் என்று அஞ்சிய தலைமையாசிரியர்கள் பலர் கணினிகளைப் பள்ளியிலேயே வைத்துக்கொண்டார்கள்.

உருகுவே வேறு வழியில் போனது. 2007 மே மாதம் விஜா கார்தால் என்ற சிற்றூரின் பள்ளியில் தொடங்கி, முதலில் ஃப்ளோரிடா மாவட்டம், பிறகு உள்நாட்டு மாவட்டங்கள், கடைசியில் தலைநகர் மொண்டேவிடியோ என்று பகுதி பகுதியாக முடித்துக்கொண்டு வந்து, 2009இல் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் கணினி வழங்கிவிட்டது. இதற்கென ‘செய்பால்’ என்ற திட்ட அமைப்பை உருவாக்கி, அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஆன்டெல் மூலம் பள்ளிகளுக்கு இணைய இணைப்பும் தந்தது. அங்கும் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை: சில ஆண்டுகளிலேயே ஏராளமான கணினிகள் பழுதாகி முடங்கின. ஆனால் அதைக் கவனிக்க ஓர் அமைப்பு இருந்ததால், பழுது நீக்கும் வண்டிகள் ஊர் ஊராகச் சென்றன.

மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்பதே உண்மை. பெருவின் 319 கிராமப்புறப் பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் வெளியான அமெரிக்க நாடுகளுக்கு இடையிலான வளர்ச்சி வங்கியின் ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் இல்லை என்றது. உருகுவேயின் பொருளியல் ஆய்வாளர்களும் தம் நாட்டைப் பற்றி அதே முடிவுக்கே வந்தார்கள். ஆகவே உருகுவே வென்றது, பெரு தோற்றது என்று எழுதுவோர் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள்.

வேறுபாடு பின்னாளில்தான் தெரிந்தது. செய்பால், எக்ஸ்ஓ வழக்கொழிந்த பிறகும் நிலைத்து, ஆங்கில ஆசிரியர் இல்லாத வகுப்புகளுக்குக் காணொளி வழியே பாடம் கொண்டுவந்தது. மாணவரின் விடைக்கேற்பக் கணக்குகளை மாற்றித் தரும் தளத்தையும் நடத்தியது. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது உருகுவேயிடம் இவை தயாராக இருந்தன. பெருவோ வானொலி, தொலைக்காட்சிப் பாடங்களை நம்பிக்கொண்டு, புதிதாக டேப்லெட்டுகள் வாங்கப் புறப்பட்டது.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். உருகுவே சுமார் 35 லட்சம் மக்களைக் கொண்ட சமவெளி நாடு, மின்சாரம் ஏறத்தாழ எல்லா இடத்திலும் உண்டு. ஆண்டிஸ் மலையும் அமேசான் காடும் சூழ்ந்த பெருவில் இணையக் கம்பி இழுப்பதே பெரும்பாடு. அப்படியிருந்தும், ஒரு மாவட்டத்தை முழுமையாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் முறை பெருவுக்கும் எட்டாததல்ல. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை நாடு முழுவதும் தூவியதற்குப் பதில், அதில் பாதியை மட்டும் வாங்கி, மிச்சப் பணத்தை இணைப்புக்கும் பழுது நீக்கத்துக்கும் ஆசிரியருக்குத் துணைநிற்கும் ஆட்களுக்கும் ஒதுக்கியிருக்கலாம் என்பதே என் கருத்து.