காளான் சாற்றுக்கு எந்த நானோ கடத்தி?

நானோ கடத்தி என்பது மருந்தைச் சுமந்து செல்லும் மிகச்சிறு துகள். எந்தக் கடத்தி என்று கேட்குமுன், எதை ஏற்றப் போகிறோம் என்று கேட்க வேண்டும். ரெய்ஷி காளானை வெந்நீரில் காய்ச்சினால் பீட்டா குளுக்கான் இறங்கும். எத்தனாலில் ஊறவைத்தால் கனோடெரிக் அமிலம் போன்ற டிரைட்டர்பீன்கள் இறங்கும். முன்னது நீரில் கரையும் மிகப் பெரிய சர்க்கரைச் சங்கிலி. பின்னது நீரில் எளிதில் கரையாத சிறு மூலக்கூறு. இரண்டையும் கலந்து ‘முழுச் சாறு’ என்று ஒரே கடத்தியில் போட்டால், பெரும்பாலும் ஒன்றுதான் உள்ளே போகும்.

டிரைட்டர்பீனுக்கு மூன்று போட்டியாளர்கள். லிப்போசோம் (கொழுப்புச் சவ்வால் ஆன நுண்குமிழி) செய்ய, பாஸ்பாட்டிடைல் கோலின் என்ற கொழுப்பையும் கொலஸ்ட்ராலையும் 2:1 மோல் விகிதத்தில் எடுத்துச் சாற்றோடு கரைத்து, கரைப்பானை ஆவியாக்கிப் படலமாக்கி, நீரேற்றி, 100 நானோமீட்டர் துளையுள்ள வடிசவ்வு வழியே இருபக்க ஊசிக்குழல்களுக்கிடையே மாறி மாறித் தள்ளுவார்கள். தள்ளும் எண்ணிக்கை 11 போல ஒற்றைப்படையாக இருக்கட்டும். அப்போதுதான் வடிபடாத கட்டிகள் மறுபக்க ஊசிக்குழலில் கலக்காது. ஏற்றும் அளவு கூடினால் சவ்வு தளர்ந்து சரக்கு கசியும். பிஎல்ஜிஏ என்ற, உடலில் சிதைந்துபோகும் பாலிமரால் ஆன துகள் மெதுவாக, நாள்கணக்கில் விடுவிக்கும். ஆனால் அதைச் செய்ய டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானைப் பயன்படுத்தினால் மிச்சம் 600 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். அசிட்டோனில் கரைத்து நீரில் சொட்டும் வழி இந்தத் தலைவலியைத் தவிர்க்கும். திடக்கொழுப்புத் துகளுக்கு இந்தக் கரைப்பானே வேண்டாம். அதன் நோய் வேறு: சேமிப்பில் கொழுப்பு ஒழுங்காகப் படிகமாகி மருந்தை வெளியே துப்பிவிடும். கொழுப்பில் ஒரு பகுதியைத் திரவ எண்ணெயாக மாற்றினால் படிகம் குலைந்து இடம் கிடைக்கும். வாய்வழி மருந்துக்கு எங்கள் தேர்வு இந்தக் கலப்புக் கொழுப்புத் துகள்தான்.

கார்டிசெப்ஸ் காளானில் உள்ள கார்டிசெபினின் கதை வேறு. அடினோசின் டீஅமினேஸ் நொதி அதை இரத்தத்தில் சில நிமிடங்களிலேயே சிதைத்துவிடுகிறது. எனவே உறை தேவை. நீரில் கரையும் சிறு மூலக்கூறு என்பதால், அசிட்டோன் முறையில் நீருக்கே நழுவிவிடும். லிப்போசோமோ, நீர்-எண்ணெய்-நீர் என்ற இரட்டைப் பால்மமோதான் வழி.

பீட்டா குளுக்கானுக்குப் பலரும் முதலில் எடுப்பது கைட்டோசான் என்ற நேர்மின்சுமைப் பாலிமர். 1% அசிட்டிக் அமிலத்தில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் கரைத்து, அதைத் துகளாக்கும் டிரைபாலிபாஸ்பேட்டைக் கலக்கியபடி சொட்டுச் சொட்டாக விடுவார்கள். கைட்டோசானுக்கும் பாஸ்பேட்டுக்கும் இடையிலான நிறை விகிதம் 3:1 முதல் 5:1 வரை முயன்று பார்க்கலாம். பாஸ்பேட் கூடினால் திரிந்துவிடும். பெரிய சிக்கல், குளுக்கானுக்கு மின்சுமை இல்லாதது. கைட்டோசான் அதைப் பிடித்துக்கொள்ளாது, கழுவும்போது போய்விடும். கார்பாக்சிமெத்தில் அல்லது சல்பேட் தொகுதி சேர்த்தால் ஒட்டும். கைட்டோசானே இரத்தத்தின் 7.4 பிஹெச் அளவில் சுமையிழந்து கட்டியாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உண்மையில் குளுக்கானை ஒளித்துவைப்பதே தவறான திசை. நோயெதிர்ப்புச் செல்களின் டெக்டின்-1 ஏற்பி அதைத் துகளின் மேற்பரப்பில் தொட்டால்தான் நன்றாகத் தூண்டப்படும். லிப்போசோமுக்குள் அடைத்துப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமரால் போர்த்தினால் அந்தத் தொடுகையே நடக்காது. டிரைட்டர்பீன் உள்ளே, குளுக்கான் வெளிப்பூச்சாக என்ற அமைப்பு இதைவிடப் பொருத்தம். ஜப்பானில் லென்டினான், பிஎஸ்கே என்ற காளான் குளுக்கான் மருந்துகளில் முன்னதை ஊசியாகவும், பின்னதை வாய்வழியாகவும் புற்றுநோய்த் துணை மருந்தாகக் கொடுத்தபோது நானோ உறை எதுவும் இல்லை. எனவே ஒப்பீட்டுக் குழுவில் உறையற்ற சாறு கட்டாயம் இருக்க வேண்டும்.

அளவிடும்போதுதான் பொய் எண்கள் பிறக்கின்றன. 10 கிலோடால்டன் மையவிலக்கு வடிகட்டியில் கட்டற்ற குளுக்கானும் மேலேயே தங்கும். அதை ‘உறைக்குள் இருப்பது’ என்று எண்ணினால் 90% ஏற்றம் கிடைத்தது போலத் தோன்றும். உலர்த்தும்போது சேர்த்த டிரெகலோஸ் சர்க்கரையும், குளுக்கானை அளக்கும் பீனால்-கந்தக அமிலச் சோதனையில் நிறம் காட்டும். டிரைட்டர்பீனை நிறத்தால் அளக்கும் வெனிலின் சோதனையில் கொழுப்பும் கொலஸ்ட்ராலும் குறுக்கிடும் என்பதால் அதற்கு ஹெச்பிஎல்சி என்ற, பொருள்களைப் பிரித்து அளக்கும் முறை அவசியம். எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சைப் பார்க்கும் எல்ஏஎல் சோதனையைக் குளுக்கானே அதிலுள்ள காரணி-ஜி என்ற புரதம் வழியாக நேர்மறையாக்கிவிடும்; குளுக்கான் தடுப்புக் கரைசல் சேர்க்க வேண்டும், அல்லது குளுக்கானோடு வினைபுரியாத மறுசேர்க்கைக் காரணி-சி சோதனைக்கு மாற வேண்டும். இல்லையேல் செல்களைத் தூண்டியது காளானா, பாக்டீரியா மாசா என்று பிரித்தறிய முடியாது.