மார்பக எம்ஆர்ஐ படங்களைக் காலவரிசையில் பொருத்திப் பார்த்தல்: சில ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

நான் கதிரியக்க மருத்துவராக அறிக்கை எழுதும் ஸ்கேன் மையம், மார்த்தாண்டத்தைத் தாண்டிக் களியக்காவிளைக்குப் போகும் வழியில் இருக்கிறது. தமிழ்நாடு–கேரள எல்லையின் இரு பக்கமிருந்தும் பெண்கள் வருகிறார்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இப்பகுதியினர் பலர் திருவனந்தபுரம் போவதால், கீமோ அங்கே, இடைக்கால ஸ்கேன் இங்கே என்று பிரிந்துகிடப்பது வழக்கம். அறுவைக்கு முன்பே கீமோ கொடுக்கும்போது, தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, அறுவைக்குச் சற்று முன் ஒன்று என எம்ஆர்ஐ எடுக்கப்படுகிறது. கட்டி சுருங்கியதா என்பதோடு, பழைய இடத்தில் எந்த மூலையில் மிச்சமிருக்கிறது என்றும் மருத்துவர்கள் கேட்கிறார்கள். அதற்குப் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒரே இடம் ஒரே இடத்தின்மேல் விழும்படி கணினியில் பொருத்த வேண்டும். இதற்காகவே த்ரீ-டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளையும், அதனுடன் சேர்ந்து இயங்கும் எலாஸ்டிக்ஸ் என்ற படப் பொருத்தக் கருவியையும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்திவருகிறேன். இரண்டும் ஆய்வுப் பயன்பாட்டுக்கானவை என்பதால் அறிக்கைக்கான அளவுகளை மூலப் படங்களில்தான் எடுக்கிறேன்.

மூளைப் படங்களைப் பொருத்துவது எளிது, ஏனென்றால் மண்டையோடு மாறுவதில்லை. மார்பகம் அப்படியல்ல. குப்புறப் படுத்து, காயில் எனப்படும் சமிக்ஞை வாங்கும் கருவியின் குழிக்குள் தொங்கவிட்டு எடுக்கும் படம் அது. கீமோவுக்கு இடையில் உடல் எடை ஏறலாம், இறங்கலாம். மார்பகத்தை அசையாமல் பிடிக்கும் பக்கப் பலகை ஒரு விரற்கடை கூடுதலாக இறுகினாலே முலைக்காம்பு வேறு திசை பார்க்கும். ஆகவே முன்பு ஒரு துண்டுப்படத்தில் தெரிந்த கட்டி அடுத்த ஸ்கேனில் பல துண்டுப்படங்கள் தள்ளித் தெரிவதில் வியப்பில்லை.

மொத்தமாக நகர்த்தித் திருப்பும் முதல்நிலைப் பொருத்தம் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. இதயமும் நுரையீரலும் உள்ள பகுதியை வெட்டி விலக்கிவிட்டால் போதும், இல்லையெனில் இதயத் துடிப்பின் நிழலைத் துரத்திக்கொண்டு கணக்கு வழிமாறும். அடுத்து வருவது திசுவை வளைத்துப் பொருத்தும் நிலை. கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் வலையொன்றைப் படத்தின்மேல் விரித்து, பி-ஸ்ப்ளைன் என்ற மென்மையான வளைவுகளால் அதை நெகிழ்த்தும் இம்முறையை 1999-இல் ரூக்கர்ட்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்டபோது, அவர்கள் சோதித்துக் காட்டியதே மார்பக எம்ஆர்ஐ படங்களில்தான். ஆனால் அவர்கள் எதிர்கொண்ட சிக்கல், ஒரே அமர்வில் கான்ட்ராஸ்ட் மருந்துக்கு (கட்டியைப் பளிச்சென்று காட்ட நரம்பில் செலுத்துவது) முன்னும் பின்னும் நேரும் அசைவு. மாதக்கணக்கில் இடைவெளி உள்ள இரு படங்களுக்கு அதே முறையை அப்படியே பூட்டுவதில் ஒரு கண்ணி இருக்கிறது.

கட்டுப்பாடின்றி விட்டால், சுருங்கிய கட்டியை இழுத்துப் பழைய கட்டியின் அளவுக்கே இந்த வலை கொண்டுவந்துவிடும். ஒரு படத்திலிருந்து மற்றதைக் கழித்து வேறுபாட்டை மட்டும் காட்டும் கழித்தல் படம் மாசுமறுவின்றி இருக்கும், பொருத்தத்துக்கான மதிப்பெண்ணும் உயர்ந்திருக்கும், ஆனால் நாம் தேடிவந்த மாற்றம் காணாமல் போயிருக்கும். சட்டை சிறுத்துவிட்டதா என்று பார்க்கக் கொடுத்தால், துணியை இழுத்துப் பிடித்துப் பழைய அளவே இருக்கிறது என்று காட்டும் தையற்காரரின் வேலை இது. எனவே அழகாகப் பொருந்திய படத்தைத்தான் நான் முதலில் சந்தேகிக்கிறேன். ஒவ்வொரு புள்ளியிலும் வலை திசுவை எவ்வளவு விரித்தது, சுருக்கியது என்று காட்டும் ஜேக்கோபியன் வரைபடத்தைத் திறந்தால் உண்மை தெரியும். மதிப்பு 1 என்றால் கன அளவு மாறவில்லை, அதற்குக் கீழே சுருக்கம், மேலே விரிவு. சுழியத்துக்கும் கீழே போனால் திசு தன்மேலேயே மடிந்துவிட்டது என்று பொருள், அது உயிருள்ள உடலில் நடக்காது. கட்டியிருக்கும் இடத்தில் மட்டும் இந்த மதிப்பு எகிறி நின்றால் அந்தப் பொருத்தத்தை அழித்துவிடுவது நல்லது.

இப்போது நான் செய்வது இதுதான்: கட்டியையும் அதைச் சுற்றி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரையும் மறைத்து, அப்பகுதி ஒப்பீட்டுக் கணக்கில் சேராதபடி செய்துவிடுகிறேன், வலையின் கண்களையும் மிக நெருக்கமாக வைப்பதில்லை. எலாஸ்டிக்ஸில் குறிப்பிட்ட பகுதியை வளையாமல் காக்கும் விறைப்புக் கட்டுப்பாடும் இருக்கிறது. எனினும் இது முழுத் தீர்வாகாது, கட்டி சுருங்கும்போது சுற்றுத் திசுவும் உள்நோக்கி இழுபடுகிறது, அந்த இழுப்பில் எது நோய் குறைந்ததன் விளைவு, எது படுத்த விதத்தின் விளைவு என்று கணினி பிரித்தறியாது. கீமோவுக்கு முன் கட்டிக்குள் பதிக்கப்படும் டைட்டானியம் கிளிப் இங்கே பெரிய துணை. படத்தில் கருப்புப் புள்ளியாகத் தெரியும் அதைப் பொருத்தத்துக்குப் பயன்படுத்தாமல், பொருத்திய பிறகு சரிபார்க்க மட்டுமே வைத்துக்கொள்கிறேன்.

மென்பொருளைவிடப் படுக்கவைப்பதில்தான் பலன் அதிகம். எங்கள் டெக்னீஷியன், கேரளப் பக்கத்துப் பாறசாலையிலிருந்து வருபவரைச் சேச்சி என்றும் தமிழ்நாட்டுப் பக்கத்துக் கருங்கல்லிலிருந்து வருபவரை அக்கா என்றும் அழைத்து, "தோளைத் தளத்தி விடுங்கோ, இனி அனங்கப்பிடாது, கேட்டியளா" என்று சொல்லிவிட்டு, பலகை நின்ற இடத்தையும் கைகள் இருந்த நிலையையும் தாளில் குறித்துவைப்பார். அடுத்த ஸ்கேனுக்கு அந்தத் தாள் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. முதல் ஸ்கேன் வேறிடத்தில் எடுக்கப்பட்டிருந்தால் தாளும் இல்லை, பலசமயம் படமும் இல்லை. ஒரு மருத்துவமனையிலிருந்து வரும் சிடிகளில் தேர்ந்தெடுத்த சில படங்கள் மட்டுமே இருக்கும், மருந்து செலுத்துவதற்கு முந்தைய மூலத் தொடர் இருக்காது. நோயாளியின் உறவினரை மறுபடி பஸ் ஏற்றி அனுப்ப நேர்வது எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் விஷயம்.

கட்டி எல்லோருக்கும் ஒரேபோலச் சுருங்குவதில்லை. சிலருக்கு வட்டமாகக் குறுகுகிறது, வேறு சிலருக்கு நெடுக்களவு அப்படியே இருக்க, உள்ளே பொத்தலிட்டுச் சிறு சிறு தீவுகளாகச் சிதறுகிறது. நெடுக்களவுகளின் கூட்டுத்தொகை 30 சதவீதம் குறைந்தால் பகுதிப் பலன் என்று கொள்ளும் ரெசிஸ்ட் முறை, இரண்டாவது வகையில் நடந்ததைக் காட்டாது. அறுவைக்கு முந்தைய கீமோவின் பலனை எம்ஆர்ஐயால் அளந்து பார்த்து 2012-இல் வெளியான ஏக்ரின் 6657 ஆய்வில், எம்ஆர்ஐ அளவீடுகள், குறிப்பாகத் தொடக்கக் கட்டத்துக் கன அளவு மாற்றம், கையால் தொட்டு அளப்பதைவிடச் சிகிச்சைப் பலனை நன்றாக முன்கூட்டிச் சொன்னதற்குக் காரணங்களில் இதுவும் ஒன்றென்று கருதுகிறேன். பழைய கட்டியின் எல்லைக்கோட்டைப் புதிய படத்தின்மேல் வரைந்து, அதற்குள் தீவுகள் எங்கெங்கே என்று காட்டுவதில் பொருத்திய படத்துக்கு ஈடில்லை. டாக்ஸேன் வகைக் கீமோ மருந்துக்குப் பின் நோய் மிச்சமிருந்தாலும் கான்ட்ராஸ்ட் மங்கலாகவே ஏறக்கூடும் என்பதால், வெறுமையாகத் தெரியும் இடத்தையும் நோயற்ற இடம் என்று நான் எழுதுவதில்லை.

இந்தப் படத்தை அறுவை அரங்கில் வழிகாட்டியாகக் கேட்கும் அறுவை மருத்துவர்களுக்கு மறுப்பே சொல்கிறேன். ஸ்கேன் எடுப்பது குப்புற, அறுவை நடப்பது மல்லாந்து. மார்பகம் தட்டையாகிப் பக்கவாட்டில் சரிந்த பிறகு நமது எல்லைக்கோடு எங்கே விழும் என்பதை என்னிடமுள்ள கருவிகளால் கணிக்க இயலாது. அங்கே கிளிப்பை மல்லாந்த நிலையிலேயே அல்ட்ராசவுண்டில் கண்டுபிடித்துக் கம்பி வைத்து அடையாளமிடும் பழைய வழிதான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.