திரைப்படக் கருத்து எழுதச் சொல்லி ரூ. 1,64,800 பறித்துக்கொண்டார்கள்

பணம் கைவிட்டுப் போய் இன்றோடு மூன்று நாள் ஆகிறது. ரூ. 1,64,800. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சேர்த்து வைத்திருந்த பணமும், அண்ணனிடம் கைமாற்றாக வாங்கிய ரூ. 60,000-மும் அதில் அடக்கம். இதே வலையை அவர்கள் இன்று வேறு யாருக்கோ விரித்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்புதான் என்னை எழுத உட்கார வைத்திருக்கிறது. நடந்ததை முதலில் சொல்லிவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

நான் ஓர் அச்சகத்தில் பதினொரு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்தவள். அச்சகம் மூடப்பட்ட பிறகு, வீட்டிலிருந்தபடி செய்யக்கூடிய வேலை வேண்டும் என்று ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் என் விவரங்களைப் பதிந்திருந்தேன். சென்ற புதன்கிழமை காலை ஒரு செய்திச் செயலியில் தகவல் வந்தது. திரைப்படங்களுக்கு விளம்பரம் செய்யும் நிறுவனம் என்றும், புதிய படங்களைப் பற்றிப் பார்வையாளர் கருத்து எழுதினால் ஒவ்வொன்றுக்கும் ரூ. 50 கிடைக்கும் என்றும் ஒரு பெண் எழுதியிருந்தாள். முன்பணம் எதுவும் கேட்கவில்லை. அதனால் சரி என்றேன்.

முதலில் கொடுத்தது ஒரு திகில் படம். வேலை முடிந்து திரும்பும் இளம்பெண் ஒருத்தியைக் கடத்திக்கொண்டுபோய் ஒரு வீட்டின் நிலவறையில் அடைத்து வைக்கிறார்கள். அங்கிருந்து அவள் எப்படி மீள்கிறாள் என்பதுதான் கதை. படத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. எடுத்தவர்களுக்கு இதில் பங்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. அவர்களுடைய சுவரொட்டியை இவர்கள் திருடிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். முன்னோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு ஐந்து நட்சத்திரம் கொடுத்து இரண்டு வரி எழுதினால் போதும் என்றாள். பார்க்காத படத்தைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. மகளின் கணக்கில் அந்தப் படம் பார்க்கக் கிடைத்ததால் முழுவதையும் பார்த்துவிட்டு, இரவு பதினொரு மணிக்குப் பன்னிரண்டு வரி எழுதி அனுப்பினேன்.

என்ன எழுதினேன் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் நான் விழுந்தது அங்கேதான். கடத்தியவனுடைய கொடூரத்தைக் காட்டும் காட்சிகளைவிட, அடைபட்ட பெண் சுவருக்கு அப்பால் கேட்கும் காலடிகளை எண்ணிக் கணக்கு வைக்கும் காட்சிதான் அச்சம் தருகிறது என்று எழுதினேன். 1991-இல் வெளிவந்து ஐந்து ஆஸ்கர் விருதுகள் பெற்ற 'தி சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்' படத்தில், கடத்தப்பட்ட பெண்ணின் தாய் தொலைக்காட்சியில் பேசும்போது மகளின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வார். கடத்தியவன் அவளை ஒரு பொருளாகப் பார்க்காமல் ஒரு மனுஷியாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் சொல்கிறார். நான் கருத்து எழுதிய திகில் படத்திலோ பாதிக்கு மேல் அடைபட்ட பெண்ணுக்குப் பெயரே சொல்லப்படவில்லை, அது ஒரு குறை என்றும் எழுதியிருந்தேன்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "அக்கா, இவ்வளவு அழகா யாருமே எழுதினதில்ல. எங்க மேலாளர் படிச்சிட்டு உங்களைப் பத்திக் கேட்டார்." அதுவரை மேடம் என்று அழைத்துக்கொண்டிருந்தவள் அப்போதுதான் முதல்முறையாக அக்கா என்றாள். அச்சகத்தில் இருந்த பதினொரு ஆண்டுகளில் என் எழுத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றிரவு மேலும் இரண்டு படங்களுக்கு எழுதினேன், ரூ. 150 உடனே என் வங்கிக் கணக்குக்கு வந்தது. நான் முழுமையாக நம்பியது அந்த இரவில்தான்.

மறுநாள் ஒரு குழுவில் சேர்த்தார்கள். அங்கே நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். இத்தனை ஆயிரம் கிடைத்தது என்று ஒருவர் மாற்றி ஒருவர் ஸ்கிரீன்ஷாட் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கும்பலின் ஆட்களே என்பது இப்போது புரிகிறது. "ப்ரீபெய்டு டாஸ்க்" என்று ஒன்றைச் சொல்லி, அதாவது முதலில் நாம் பணம் கட்டிப் பிறகு கூடுதலாகத் திரும்பப் பெறும் வேலை என்று சொல்லி, ரூ. 1,000 கட்டச் சொன்னார்கள்; அரை மணி நேரத்தில் ரூ. 1,300 திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை ரூ. 5,000 கட்டினேன். அது ரூ. 6,500 ஆகிவிட்டதாக அவர்களுடைய தளத்தில் காட்டியது, ஆனால் அதை எடுக்க வேண்டுமானால் இப்படி மூன்று டாஸ்க்குகளை முடிக்க வேண்டும் என்றார்கள். அன்று மாலையே ரூ. 18,800. சனிக்கிழமை ரூ. 42,000. ஞாயிற்றுக்கிழமை, அவர்களுடைய தளத்தில் என் கணக்குக்குக் கொடுத்திருந்த மதிப்பெண் 80-க்கு இறங்கிவிட்டதாகவும் அதை 100 ஆக்கினால்தான் பணம் விடுவிக்கப்படும் என்றும் சொல்லி ரூ. 99,000 கேட்டார்கள். யுபிஐ வழியாக ஒரு நாளில் பொதுவாக ஒரு லட்சம் ரூபாய்தான் அனுப்ப முடியும் என்பதை அறிந்துதான் அந்தத் தொகையைக் கேட்டிருக்கிறார்கள். அண்ணனுக்கு அழைத்து, காரணத்தை மாற்றிச் சொல்லிப் பணம் வாங்கினேன். மொத்தம் ரூ. 1,64,800.

ஒன்றை நான் கவனித்திருக்க வேண்டும். நான்கு முறை க்யூஆர் அனுப்பினார்கள். நான்கு முறையும் திரையில் வந்த பெயர் வேறு வேறாக இருந்தது. ஒன்று ஒரு மளிகைக் கடையின் பெயர், மற்றவை தனி ஆட்களின் பெயர்கள். திரைப்பட நிறுவனத்துக்குப் போக வேண்டிய பணம் எதற்காக மளிகைக் கடைக்குப் போகிறது என்று கேட்டேன். "அது எங்க வணிகர் கணக்குதான், நீங்க பயப்படாதீங்க அக்கா" என்றாள். மெய்ப்பில் ஒரு கால்புள்ளி தப்பினாலும் கண்டுபிடிக்கும் எனக்கு, அந்த இடத்தில் பணத்தை நிறுத்தத் தோன்றவில்லை.

ஞாயிறு இரவு மேலும் ரூ. 48,000 கேட்டபோதுதான் விழித்துக்கொண்டேன். அந்தப் படத்தைப் பற்றி நான் எழுதிய வரிகளை இணையம் முழுவதும் தேடினேன். எங்குமே இல்லை. அவர்கள் எதையும் எங்கும் வெளியிடவில்லை. கருத்து எழுதும் வேலையே வெறும் தூண்டில். விலைக்கு வாங்கிய கருத்துகளை வெளியிடக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இலேயே இணையக் கருத்துகளுக்கான விதிமுறையில் சொல்லியிருக்கிறது என்பதையும் அதற்குப் பிறகுதான் படித்தேன். அதாவது அவர்கள் சொன்னது உண்மையாகவே இருந்திருந்தாலும் அது நேர்மையான வேலை அல்ல. முன்பே தெரிந்திருந்தால் அந்த ரூ. 50-ஐக்கூடத் தொட்டிருக்க மாட்டேன்.

அதன் பிறகு பட்ட அலைச்சல் தனி வேதனை. திங்கள் காலை வங்கிக் கிளையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். அங்கிருந்த அதிகாரி என் கைபேசித் திரையைக்கூடப் பார்க்காமல், "நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியிருக்கீங்க மேடம், இதுல பேங்க் என்ன செய்ய முடியும்?" என்றார். மின்னணுப் பரிவர்த்தனை மோசடியில் வாடிக்கையாளரின் இழப்புக்கு வரம்பு வைக்கும் ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைப் பற்றிக் கேட்டேன். அது வாடிக்கையாளரின் ஒப்புதல் இல்லாமல் போன பணத்துக்குத்தான் பொருந்தும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். காவல் நிலையத்தில் மாவட்ட சைபர் கிரைம் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே, இணையத்தில் புகாரைப் பதிந்துவிட்டு அந்தப் புகார் எண்ணோடு வாருங்கள் என்றார்கள். பணம் போனவளை "படிச்சவங்கதானே நீங்க?" என்று கேட்பதற்கு மட்டும் எல்லா மேசையிலும் ஆள் இருந்தது. இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண்ணான 1930-க்கு அழைத்தபோதுதான் முதல்முறையாக ஒருவர் நான் சொன்னதை முழுவதுமாகக் கேட்டார், தொகையையும் பரிவர்த்தனை எண்களையும் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். பணம் அதற்குள் பல கணக்குகளுக்குக் கைமாறியிருந்தது. ஒரே ஒரு கணக்கில் ரூ. 7,000 மட்டும் முடக்கப்பட்டிருப்பதாக நேற்று தகவல் வந்தது. ஞாயிறு இரவே அழைத்திருந்தால் கடைசியாக அனுப்பிய ரூ. 99,000-இல் பெரும்பகுதியாவது நின்றிருக்கும் என்றே நினைக்கிறேன்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருத்து எழுதவோ நட்சத்திரம் கொடுக்கவோ யாராவது பணம் தருவதாகச் சொன்னால் பதிலே அனுப்பாதீர்கள். முதலில் வரும் சிறு தொகையை நம்பாதீர்கள். வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே, இரவானாலும், 1930-க்கு அழையுங்கள். வங்கி திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். உரையாடலை அழித்துவிடாதீர்கள். வீட்டில் சொல்லிவிடுங்கள், அண்ணனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் அவளிடமிருந்து செய்தி வருகிறது. "அக்கா, இன்னைக்கு 48,000 கட்டிட்டா சாயங்காலமே முழுப் பணமும் வந்துடும்."