ஹாக்கியா, கிரிக்கெட்டா: ஊர் மனசு சாய்ந்த கதை

வெற்றிதான் ஒரு நாட்டைப் பைத்தியமாக்கும் என்றால் நாம் இன்று ஹாக்கி பைத்தியமாக இருக்க வேண்டும். ஒலிம்பிக்கில் 8 தங்கம். அதில் 1928 முதல் 1956 வரை தொடர்ந்து 6. கிரிக்கெட்டிலோ முதல் டெஸ்ட் வெற்றியே 1952இல் சென்னையில்தான். ஆனாலும் பென்னாகரத்திலும் ஊத்தங்கரையிலும் பையன்கள் கையில் இருப்பது கிரிக்கெட் மட்டை.

என் பார்வையில் முதல் காரணம் தரை. 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைப் புல்லுக்கு மாறியது. அதைப் போடப் பெரும் பணம் வேண்டும்; பிறகு ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளித்து நனைக்கவும் வேண்டியிருந்தது. மழையை நம்பிப் பிழைக்கும் நம் தருமபுரிச் சீமையில் அது நடக்கிற காரியமா? கிரிக்கெட்டுக்குக் கேழ்வரகு அறுத்த காடு போதும். ஒரு டென்னிஸ் பந்து, ஸ்டம்புக்கு மூன்று குச்சி.

இரண்டாவது, டிவி. 1982 டெல்லி ஆசிய விளையாட்டையொட்டிக் கலர் ஒளிபரப்பு வந்தது. அதில் ஹாக்கி இறுதியாட்டத்தில் பாகிஸ்தானிடம் 1-7 என்று தோற்றோம். எவ்வளவு பெரிய அடி! அடுத்த ஆண்டே, 1983 ஜூன் 25 அன்று, லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் வெறும் 183 ரன் எடுத்தும் வெஸ்ட் இண்டீஸை 43 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தினோம்.

ஹாக்கி டோக்கியோவிலும் பாரிஸிலும் வெண்கலம் வென்றது, மனதாரக் கொண்டாடினேன். ஆனால் எங்கள் பையன்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் தெரிபவர் கிரிக்கெட் வீரர் நடராஜன்தான். பக்கத்துச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து வீசி வளர்ந்தவர், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார்.