ஜகார்த்தாவில் எஸ் கோப்பி சூசு: தினமும் குடிப்பவனின் அனுபவம்

எஸ்பிரெஸோ, குளிர்ந்த பால், ஐஸ், அடியில் குலா ஆரென் என்ற பனைவெல்லப் பாகு. எஸ் கோப்பி சூசு என்றால் அவ்வளவுதான். வேலைக்காக ஜகார்த்தா வந்த நாளிலிருந்து அநேகமாகத் தினமும் குடிக்கிறேன். என் அலுவலகத்து இளசுகளின் கையில் போன் இல்லாவிட்டாலும் இந்தப் பிளாஸ்டிக் கப் இருக்கும்.

தெற்கு ஜகார்த்தாவின் சிபேத்தேயில் 2015-இல் தொடங்கிய துக்கு என்ற சின்னக் கடையிலிருந்துதான் இந்த மோகம் பரவியது. அதிபராக இருந்த ஜோக்கோவியே 2017-இல் அங்கே போய்க் குடித்தார். அதே வருடம் பிறந்த கோப்பி கெனாங்கான் என்ற காபிக்கடைத் தொடர், 2021 முடிவதற்குள் நூறு கோடி டாலர் மதிப்பைத் தொட்டுவிட்டது. காபி விற்று!

சுவை? கருப்பட்டிக் காபி குடித்து வளர்ந்த நாக்குக்கு உடனே பிடித்துவிடும். ஆனால் ஆரென் வேறு மரம், நம் பனை இல்லை. கருப்பட்டியின் அந்த லேசான கரிப்பு இதில் கிடையாது, டாஃபி வாசனைதான் தூக்கலாக இருக்கும். கடைக்காரர் போக்கில் விட்டால் இனிப்பு திகட்டும். செயலியில் பாதிச் சர்க்கரை என்று தேர்ந்தெடுத்தால்தான் காபியே தெரிகிறது.

எனக்கு உறுத்துவது விலை. பெரிய கடைகளில் ஒரு கப் 20,000 ரூபியா அளவில், நம் கணக்கில் சுமார் 100 ரூபாய். எனக்குப் பரவாயில்லை. ஆனால் ஜகார்த்தாவின் 2025 குறைந்தபட்ச மாதச் சம்பளம் ஏறத்தாழ 54 லட்சம் ரூபியா. தினம் ஒரு கப் குடித்தால் அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காலி. 2022-இல் சித்தாயம், போஜோங் கெடே என்ற புறநகர்ப் பக்கத்துப் பிள்ளைகள் ரயிலேறி வந்து, நகர நடுவில் டுக்கு அத்தாஸ் என்ற இடத்து ஜீப்ரா கிராஸிங்கையே ஃபேஷன் மேடையாக்கி நாட்டையே பேச வைத்தார்களே, அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு இன்றும் கட்டுப்படியாவது சைக்கிளில் பிளாஸ்க்கோடு வருபவரின் பாக்கெட் காபிதான். அதனால் இதை ‘இந்தோனேசிய இளைஞர்களின் பானம்’ என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இப்போது நடுவில் ஒரு வழி வந்திருக்கிறது. மின்சாரத் தள்ளுவண்டியில் அதே காபி, 10,000 ரூபியாவை ஒட்டி. வார நாட்களில் நான் அதற்கு மாறிவிட்டேன். பால் கொஞ்சம் தண்ணி, மழை கொட்டினால் வண்டி வராது. அந்த விலைக்கு இது போதும்.